பத்து வயதுக் காது

எங்கள் ஷெட்டில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டு கைக்கு வரும் அன்றுதான் அது அவனுக்கே ஞாபகம் வரும். யார் எதைச் சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிச் சிரித்துவிடுவான். டீ குடிச்சியா என்றால் ஆட்டுவான். உன் மாமியார் கீழே விழுந்துட்டாங்களாமே என்றாலும் அதே ஆட்டு, அதே சிரிப்பு. புதிதாகச் சேர்ந்தவர்கள் எவ்வளவு பணிவான மனுஷன் என்பார்கள். பணிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காது கேட்காது.

நாங்கள் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிறவர்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பிரஸ் மெஷின்கள். தகட்டைத் தள்ளிவிட்டுக் காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கிற இரும்பு இறங்கி ஒரே வெட்டு; மூடி ஒன்று விழும். எல்லா மெஷினும் சேர்ந்து இறங்கும்போது வாயில் இருக்கிற பல் ஆடும். காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுக்கிறார்கள், கொடுக்காமல் இல்லை. ஆனால் தகடு உள்ளே சிக்கினால் வெட்டுகிற சத்தம் லேசாக மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்தால்தான் கையை இழுக்க முடியும். அடைத்தால் விரல் போகும், திறந்தால் காது போகும். விரல் போனால் ரத்தம் வரும், வீட்டில் கேட்பார்கள். காது போனால் யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் ஆட்கள் காதைக் கொடுத்தார்கள்.

நான் மெஷினுக்கு அச்சு மாட்டுகிறவன். இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே இருப்பதால் எனக்குப் பாதிக்குமேல் மிஞ்சியது. அவன் ஒரே இடத்தில் நின்றவன். மெஷின் பக்கம் இருந்த இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை காது பார்க்க ஒரு வேன் வரும். உள்ளே கண்ணாடி வைத்த சின்ன அறை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். பழைய முதலாளி காலத்தில் இதில் தேறாதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. ஆகவே நாங்கள் தேறினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தை அனுப்புகிற ஆளுக்கு, ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் தோள் ஒரு நூல் இறங்கும். தோள் இறங்கினால் நாங்கள் அமுக்குவோம். ஆள் மாறினால் ஒருத்தனுக்குப் புருவம், இன்னொருத்தனுக்குத் தாடை. முதலில் போய் வந்தவன் வெளியே நிற்கிறவர்களுக்குத் தொட்டுக் காட்டிவிடுவான். இந்த வித்தையில் தலையாட்டியை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே கை அமுக்கிவிடும்.

வீட்டிலும் மறைத்தான். பெண்டாட்டிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. கம்பெனிக் குடியிருப்பில் சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளைகளோடு ஓடியாடுகிற பிள்ளை. வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். கூப்பிட்டும் அவன் திரும்பாதபோதெல்லாம் அவன் பெண்டாட்டி, "அப்பா ஏதோ யோசனையில இருக்காரு, பக்கத்துல போய்க் கூப்பிடும்மா" என்று சமாளிப்பாள். பிள்ளை வலது பக்கமாக ஓடி வந்து காதோரம் "அப்பா!" என்று ஒரு கத்துக் கத்தும். அது மட்டும் உள்ளே போகும்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே ஒரு காது டாக்டரிடம் போனான். துணைக்கு நான். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தணும்னா அந்தச் சத்தத்தைவிட்டு இவர் வெளிய வரணும். இல்லைன்னா இதுவும் போயிடும்." தெருவுக்கு வந்து, அவன் வலது பக்கம் நின்று, அவர் சொன்னதைத் திரும்பக் கத்தினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நாங்கள் சண்டை போடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தான். அப்புறம் சொன்னான்: "மத்ததெல்லாம் போகட்டும்டா. சூப்பர்வைசர் பேசறதைக் கேட்டு எனக்கு என்ன கிரீடமா வைக்கப் போறாங்க? அவ 'அப்பா'ன்னு கூப்பிடறாளே, அது ஒண்ணு மிஞ்சினா போதும்."

அந்தச் சமயத்தில் கம்பெனி கை மாறியது. புதிய நிர்வாகம் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியது. இனிமேல் காது மந்தமானவர்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். பேக்கிங்குக்கு மாற்றுவார்களாம். பேக்கிங் தனிக் கட்டடம். அட்டைப் பெட்டி, ஒட்டுகிற டேப், மூலையில் ஒரு ரேடியோ. சொர்க்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடம் சிலருக்குத்தான்.

"இத்தனை வருஷமா பாஸாகப் படிச்சோம், இனிமே ஃபெயிலாகப் படிக்கணும்" என்றான் மொட்டை. தலையில் ஒரு முடி இல்லாதவன், வாய்க்கு மட்டும் குறைவில்லாதவன்.

"உனக்குத்தான் கொசு கொட்டாவி விட்டாலே கேக்குமே?" என்றேன்.

"கேட்டாலும் கேக்காத மாதிரி உக்காந்திருப்பேன். வீட்டுல தினம் அதுதானே நம்ம பொழப்பு?"

தலையாட்டிக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். "இந்த ஒரு தடவை உண்மையா உக்காந்தா போதும்டா, தானா ஃபெயில்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவ்வளவு நிம்மதியாக அவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

வேன் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றி சயின்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். புதிய நிர்வாகத்தின் ஏற்பாடு. கூட வந்தவர் ஹெச்.ஆர். தம்பி. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. எல்லாரையும் அண்ணே, அக்கா என்பார். கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தார்.

எங்கள் ஷெட்டில் எங்கே திரும்பினாலும் தொடாதே என்று எழுதியிருக்கும். அங்கே எங்கே திரும்பினாலும் தொட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆட்களுக்குக் கை வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ திட்டப்போகிறார்கள் என்கிற மாதிரியே நின்றார்கள். பிள்ளைகள்தான் அந்தத் தயக்கத்தை உடைத்தார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுத்தால் நாற்காலியே மேலே போகும். என் பெண்டாட்டி என்னை உட்காரவைத்து ஒரு கையால் கயிற்றை இழுத்துத் தூக்கிக் காட்டினாள். "இத்தனை நாளா இவரை இப்படித்தான் தூக்கிச் சுமக்கறேன்" என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஒரு பெரிய வெள்ளி உருண்டை இருந்தது. அதைத் தொட்டால் தலைமுடி எல்லாம் சிலிர்த்து நிற்குமாம். மொட்டை போய்ப் பயபக்தியோடு கையை வைத்தான்.

"ஒண்ணுமே நிக்கலையேப்பா" என்றது அவன் பிள்ளை.

"மெஷின் ரிப்பேர்" என்றான் மொட்டை.

ஹாலில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்கு மண்டை பிளந்தது. தலையாட்டி கைகளை வீசி நடந்துகொண்டே என்னிடம் சொன்னான்: "நல்ல அமைதியான இடம்டா."

அப்படியே நடந்து ஒரு கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் வந்தோம். மேலே பெரிய எழுத்தில், "உங்கள் காதுக்கு என்ன வயது?" உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்ஃபோன், பட்டன். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வேனுக்கு மாலை போட்டு அலங்காரம் பண்ணி நிறுத்தியது போல இருந்தது. ஒரே வித்தியாசம், சத்தத்தை அனுப்ப ஆள் கிடையாது, எல்லாம் தானாக நடக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவதற்காக நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு. சத்தம் வரும்போதெல்லாம் அது மினுங்கும். உட்கார்ந்தவனுக்கு அது தெரியக்கூடாது என்றுதான் பின்னால் வைத்திருந்தார்கள். ஆனால் முன்னால் கண்ணாடி இருந்ததே.

மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்க உக்காருங்க! நீங்கதான் உக்காரணும்!"

"உக்காருங்கண்ணே, பாப்போம்" என்று ஹெச்.ஆர். தம்பி ஃபோனைத் தூக்கினார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் விளையாட்டுத்தானே என்று நினைத்தேன். உட்கார்ந்தான். ஹெட்ஃபோனை மாட்டினான். ஆரம்பித்தது.

பச்சை விளக்கு மினுங்கியது. அமுக்கினான். மறுபடி மினுங்கியது. அமுக்கினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் அந்தப் பச்சைப் புள்ளி ஜம்மென்று விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல் கை நின்றுவிட்டது. இவனுக்கு நிற்கவில்லை. திரையில் சத்தத்தின் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. நாய்க்குத்தான் கேட்கும் என்கிற இடம்வரை போனது. இவன் ஒன்றுவிடாமல் அமுக்கினான். கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் திரையில் வந்தது: உங்கள் காதின் வயது பத்து.

எல்லாரும் கைதட்டினார்கள். மியூசியத்துப் பெண்கூட ஓடிவந்து பார்த்தது. மகள் குதித்தாள். "எங்கப்பா காது எல்லார் காதையும்விட நல்ல காது!" அவன் வெளியே வந்து வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்தான். திரையைப் படித்த பிறகுதான் அவன் முகம் செத்தது.

"ஏன்டா அமுக்கின?" என்று ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"நான் எங்கடா அமுக்கினேன்? கை அமுக்கிடுச்சு."

அவன் பெண்டாட்டி அப்படிச் சொல்லவில்லை. "மக பாத்துக்கிட்டு நின்னாள்லண்ணே" என்றாள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளை ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது. பிறகு அம்மாவிடம் கேட்டது. அவர்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள், அதனால் காதில் விழுந்தது. "அப்போ நான் கூப்பிட்டப்போ எல்லாம் அப்பாவுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சாம்மா? கேட்டும் திரும்பலையா?" அம்மாக்காரி பிள்ளையின் ஜடையைச் சரிசெய்தாள். சுற்றிலும் கம்பெனி ஆட்கள். என்ன சொல்வாள்? அவன் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

வேன் வந்தது. அவன் சொன்னபடி உண்மையாக உட்கார்ந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டானாம், தோளும் வேண்டாம் புருவமும் வேண்டாம் என்று. காதில் விழுந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் அமுக்கினான். மொட்டையும் உட்கார்ந்தான், அமுக்கவே இல்லை.

ஹெச்.ஆர். தம்பி தலையாட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். பேசுவதைத் திரும்பச் சொல்ல ஆள் வேண்டுமே என்று நானும் உள்ளே போனேன். சின்ன அறை, பிளாஸ்டிக் செடி, மேஜைமேல் ஃபோன். வீடியோவைப் போட்டுக் காட்டினார். கைதட்டல், மகளின் குதிப்பு, பத்து என்கிற எழுத்து.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பத்து வயசுக் காது. வியாழக்கிழமை செவிடா? பேக்கிங்குக்கு எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா? பாதிப் பேர் நடிக்கிறாங்கன்னு எனக்கே தெரியும். ஆனா உங்க விஷயத்துல வீடியோவே இருக்கேண்ணே. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"அது விளக்கைப் பாத்து அமுக்கினதுங்க" என்றேன் நான். "கண்ணாடியில தெரிஞ்சுது. அவனுக்கு அது பழக்கம்."

"எந்தப் பழக்கம்?"

வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன்.

அவர் கெட்டிக்காரர். நாற்காலியில் சாய்ந்து நிதானமாகக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா வேன்ல இப்படித்தான் ஏமாத்தினீங்களா? அப்படின்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன். ஆனா அதுக்கு இவரை நான் பேக்கிங்குக்கு அனுப்ப முடியாது, வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும். இவரை மட்டும் இல்லை, வேற யார் யார்னும் கேட்கவேண்டி வரும்."

ஆமாம் என்றால் வேலை போகும், ஷெட்டே போகும். இல்லை என்றால் காது நல்ல காது. நான் அவன் வலது பக்கம் குனிந்து இதைச் சொன்னேன். அவன் அந்தப் பிளாஸ்டிக் செடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஹெச்.ஆர். தம்பியைப் பார்த்து, "கேக்குதுங்க. எனக்கு நல்லாக் கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மொட்டை பேக்கிங்குக்குப் போனான். இப்போது ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் அவனுக்கு இடம். எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன? இடம் இருந்தது, போனான்.

தலையாட்டி வீட்டில்தான் பிரச்சினை முற்றியது. பிள்ளை அவனோடு பேசுவதை விட்டுவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம். இவன் போய்த் தலையைத் தடவினால் விலகிக்கொள்ளும். "எனக்கு மெய்யாவே கேக்காதும்மா" என்று அவனே வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தான். "பொய். மெஷின்ல பாத்தேன்ல?" என்றதாம் பிள்ளை. மெஷின் சொன்னதற்கு மேல் அப்பன் சொல்வது எடுபடுமா?

"அங்கயே கூட்டிட்டுப் போய்க் காட்டிடுங்கண்ணே. அப்பத்தான் அவ நம்புவா" என்றாள் அவன் பெண்டாட்டி. ஒரு வார நாளில் நாங்கள் நாலு பேரும் மறுபடி மியூசியத்துக்குப் போனோம். கூட்டமே இல்லை. வெள்ளி உருண்டை சும்மா நின்றது. காதுக் கூண்டுக்கு நேரே போனோம். அவன் உட்கார்ந்தான், கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் வந்து வந்து போனது. கை மடியில் கிடந்தது. கடைசியில் திரையில் எழுத்து வந்தது: ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டு மீண்டும் முயலவும்.

"சும்மா விளையாடாதீங்கப்பா" என்றது பிள்ளை, கோபமாக.

நான் மியூசியத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, விளக்கு கண்ணாடியில் தெரிகிறது, பாரும்மா என்றேன். அது குனிந்து பார்த்தது. "ஆமாங்க, தெரியுது" என்றது. "ஆனா இது சும்மா விளையாட்டுக்கு வச்சதுதாங்க. இதை வச்சு யாரும் எதுவும் முடிவு பண்ண மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பதா, அந்தக் கூண்டைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்று தெரியவில்லை.

பிள்ளை மட்டும் அந்தப் பெண் சொன்னதைக் கவனித்துக் கேட்டுக்கொண்டது. தானே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தது. வெளியே வந்தபோது அதன் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்பன் கையைப் பிடித்து ஹாலின் ஒரு கோடிக்குக் கூட்டிப்போனது.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு குழித் தட்டு நின்றது. எதிர்க்கோடியில் அதேபோல இன்னொன்று. இந்தத் தட்டுக்குள் முகத்தை வைத்துச் சாதாரணமாகப் பேசினால் அவ்வளவு தூரம் தாண்டி அந்தத் தட்டுக்கு முன்னால் இருக்கிற வளையத்தில் கேட்கும். அவனை வளையத்தருகே நிறுத்தி, வலது காதைத் தானே பிடித்துச் சரியாக வைத்துவிட்டு, பிள்ளை அந்தக் கோடிக்கு ஓடியது. நானும் வளையத்துக்கு மறுபக்கம் காதை வைத்தேன்.

பிள்ளை தட்டுக்குள் முகத்தை வைத்தது. எங்களுக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. மற்ற இடமென்றால் உதட்டைப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தையாவது பிடித்துவிடுவான். இங்கே படிப்பதற்கு உதடு இல்லை, தோள் இல்லை, விளக்கு இல்லை. இரண்டு ஜடைதான் இருந்தது.

எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்று சொல்வதுபோலத் தெளிவாகக் கேட்டது. "அப்பா. நான் சொல்றது கேட்டுச்சுன்னா தலையாட்டாதீங்க. சும்மா நில்லுங்க."

அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளை திரும்பி நின்று இவனைப் பார்த்தது.

இவன் நன்றாகச் சிரித்து, பெரிதாக, அந்தக் கோடிக்குத் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினான். கையையும் தூக்கிக் காட்டினான்.

பிள்ளை ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தது. வந்து அவன் வலது பக்கம் நின்று அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அம்மாக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவன் என்னைக் கேட்டான், "என்னடா சொன்னா?"

"கேக்குதாப்பான்னு கேட்டா" என்று அவன் காதில் கத்தினேன்.

"நான் தலையாட்டிட்டேன்ல?"

"ஆட்டின."

"சந்தோஷப்பட்டாளா?"

நான் தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் பிள்ளைக்குக் கோபம் எதுவும் இல்லை. அப்பனுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறது. பள்ளிக்கூடத்துப் படத்தையெல்லாம் கொண்டுவந்து அவன் மடியில் விரித்துக் காட்டுகிறது. ஒன்றே ஒன்றுதான். ஏதாவது வேண்டுமென்றால் பின்னால் வந்து சட்டையை இழுக்கிறது. நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது கவனித்துப் பார்த்தேன். வாயே அசைவதில்லை.

அவன் பெண்டாட்டியிடம் கேட்டேன். "கூப்பிடறதை விட்டுட்டாண்ணே" என்றாள். "கத்திக் கூப்பிட்டா அப்பாவுக்கு வெளியில அவமானமா இருக்கும், கூப்பிடாட்டா யாருக்கும் தெரியாதுங்கறா. எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கறா."

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், மெஷின்கள் ஓய்ந்திருந்தபோது, அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டப்பாவைத் திறக்கவே இல்லை. "டேய், அதுவும் போயிடுச்சுடா" என்றான். "அவ வந்து சட்டையை இழுக்கறா, அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டுதான் இழுப்பா. எனக்கு ஒண்ணுமே விழல. டாக்டர் சொன்ன மாதிரியே முழுசாப் போயிடுச்சு."

போகவில்லை, அவள் கூப்பிடுவதே இல்லை என்று சொன்னேன். எழுந்து வலது பக்கம் போய், தொண்டை கிழியக் கத்தித்தான் சொன்னேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. வரிசையாக மெஷின்கள் இறங்க ஆரம்பித்தன.

அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு, தன் மெஷினுக்குப் போனான்.